பக்கத்து ஸீட் காலி!

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெரிய தூரம் ஒன்றும் இல்லை. சுமார் 12 கிலோமீட்டர்தான். இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பார்த்துக்கொண்டே போனால் நின்றுகொண்டு போவதுகூடத் தெரியாது. அன்றைக்கு நான் நின்றுகொண்டுதான் போனேன்.

நடு வழியில் ஒரு மில் வாசலில் பஸ் நின்றது. மூன்று பையன்கள் ஏறினார்கள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பார்த்தவுடனே தெரிந்தது, நம் பக்கத்துப் பிள்ளைகள் அல்ல. ஒருவனுடைய இடது கை மணிக்கட்டு வரையில் வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. முகம் வாடியிருந்தது.

அதே இடத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் உட்காரும் ஸீட் ஒன்று காலியானது. கையில் கட்டுப் போட்ட பையன் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். பக்கத்து இடம் காலி.

பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் நின்றோம். ஒருவரும் உட்காரவில்லை!

கையில் மஞ்சள் பை வைத்திருந்த ஒரு பெரியவர் அந்த இடத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் உட்காரவில்லை. உள்ளூர்க்காரர்கள் நிற்கும்போது நாம் உட்காரலாமா என்ற பயமாக இருக்கும்.

நானும் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்டக்டர் வந்தார். எனக்கு முன்னால் நின்றவரிடம், "அண்ணாச்சி, சில்லறை இருக்கா பாருங்க" என்றார். அடுத்த நிமிஷம் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலேய், எங்க?"

"ஆஸ்பிட்டல்" என்றான் ஒருவன்.

"எந்த ஆஸ்பிட்டல்லே? ஊர் பேர் கிடையாதா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். பையன்களும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்கள்.

ஒரே பஸ். ஒரே கண்டக்டர். ஒரே கட்டணம். ஆனால் தமிழ் மட்டும் இரண்டு! ஒன்று "அண்ணாச்சி". இன்னொன்று "ஏலேய்".

அந்தக் கண்டக்டரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காலை நேரக் கூட்டத்தில் சில்லறைக்கும் டிக்கெட்டுக்கும் நடுவில் அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். சிரித்த நாலு பேரும் கெட்டவர்கள் அல்ல. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுகிறவர்கள்தான். வீட்டில் அப்படி இருப்பவர்கள் பஸ்ஸில் ஏறியதும் ஏன் இப்படி மாறிவிடுகிறோம்? இந்த வாரம் அதைப்பற்றிப் பேசலாம் என்று தோன்றுகிறது.

எதற்கு வருகிறார்கள்?

ராஜபாளையம் நூல் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றிலும் நூற்பாலைகள் பெருகின. பக்கத்திலே சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். அந்தத் துணி பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தப் பையன் கையில் சுற்றியிருந்ததும் சத்திரப்பட்டித் துணியாகவே இருக்கலாம்!

முன்பெல்லாம் மில் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போட்டி போட்டார்கள். இப்போது நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பட்டம் வாங்குகிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போகிறார்கள். நல்லதுதான்! ஆனால் இராத்திரி ஷிப்டில் கதிர் ஓடவேண்டும் அல்லவா? பஞ்சுத் தூசிக்கு நடுவில் யாராவது நிற்கவேண்டும் அல்லவா? ஆகவே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆள் கூப்பிடுகிறார்கள். அவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் ரெயிலில் வந்து இறங்குகிறார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். அவர்களாக வழி தப்பி வரவில்லை. இங்கே ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதால் வருகிறார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாடு சர்க்கார் ஒரு கணக்கு எடுத்தது. வெளி மாநிலத் தொழிலாளர்கள் சுமார் 10 லட்சத்து 67 ஆயிரம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக அப்போது தெரிந்தது. நாம் குடியிருக்கும் வீட்டுக்குச் செங்கல் சுமந்தவர், ஓட்டலில் நமக்குப் பரோட்டா போட்டவர், நாம் கட்டியிருக்கும் வேட்டிக்கு நூல் நூற்றவர் என்று நாள் முழுவதும் அவர்கள் கைபட்ட பொருளைத்தான் தொடுகிறோம். அந்தக் கைக்காரன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் விலகி நிற்கிறோம்.

யார் வந்தேறி?

ராஜபாளையத்தில் வெளியூர்க்காரன் என்று ஒருவரைச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்லவேண்டும். ஊர்ப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது! சில நூறு ஆண்டுகளுக்கு முன்னால் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் இது. இன்றைக்கும் அந்தக் குடும்பங்களில் வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசுகிறார்கள். கடைத்தெருவில் தமிழ் பேசுகிறார்கள். அவர்களை இன்று யாராவது அயலார் என்று சொல்லமுடியுமா?

இன்னொரு செய்தி. நம் வாசகர்களில் பலருக்கு மறந்திருக்கும்.

ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தார். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். பிறகு 1954-ல் அவரை ஒரு மாகாணத்துக்குக் கவர்னராக அனுப்பினார்கள். எந்த மாகாணம் தெரியுமா?

ஒரிஸ்ஸா! இன்று நாம் ஒடிசா என்று சொல்லும் அதே இடம்தான்!

இரண்டு ஆண்டு அவர் அங்கே கவர்னராக இருந்தார். இந்த ஊர்க்காரர் அந்த ஊருக்குப் போனபோது மாலையும் மரியாதையுமாக வரவேற்றார்கள். அந்த ஊர்ப் பிள்ளை இந்த ஊருக்கு வந்தால் நாம் "ஏலேய்" என்கிறோம். கவர்னரும் கூலிக்காரனும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். மரியாதை பதவிக்குத்தானா, மனிதனுக்கு இல்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அயலானைக் கண்டால் குரைப்பது ராஜபாளையம் நாய்க்குப் பெருமை. அதற்காகத்தான் அதை வளர்க்கிறார்கள். நாம் அந்த வேலையை நாய்க்கே விட்டுவிடலாம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கதி வேறு. அங்கே எந்நாளும் வெளியூர்க் கூட்டம்தான். 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான். திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் மாலை இங்கிருந்து ஆண்டுதோறும் போகிறது. மாலை மாநிலம் தாண்டிப் போகிறது! பால்கோவா கடைக்காரர்கள் எந்தப் பாஷைக்காரர் வந்தாலும் "வாங்க, வாங்க" என்று ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். வியாபாரம் என்றால் பாஷை தடையாக இருப்பதில்லை. பஸ்ஸில்தான் தடையாகிவிடுகிறது.

சிங்கப்பூரிலிருந்து வந்த கதை

என் சித்தப்பா மகன் ஒருவன் சிங்கப்பூரில் ஆறு ஆண்டு கட்டட வேலை பார்த்தான். ஊருக்கு வந்தபோது ஒரு நாள் இரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பேசினோம். சம்பளம், சாப்பாடு, பெரிய பெரிய கட்டடங்கள் எல்லாம் சொன்னான். கடைசியில் ஒன்று சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை லீவு அண்ணே. நல்லாக் குளிச்சு, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு ரெயில்ல ஏறுவேன். உக்காருவேன். நான் இறங்குற வரைக்கும் எனக்குப் பக்கத்து ஸீட் காலியாவே வரும். கூட்டம் நிக்கும். ஆனா ஒருத்தர் உக்கார மாட்டாங்க. மொத மாசம் புரியல. நம்ம மேல நாத்தம் அடிக்குதோன்னு சட்டையை மோந்து பார்ப்பேன். அப்புறம் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் உக்காரவே மாட்டேன். நின்னுக்கிட்டே போயிருவேன்."

எல்லாரும் அப்படி இல்லை என்றும் அவன் சொன்னான். வழி தெரியாமல் நின்ற ஒரு நாள் ஒரு சீனக் கிழவி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான பிளாட்பாரத்தில் விட்டாளாம். ஆனாலும் அவன் மனசில் ஆறு ஆண்டு தங்கியிருந்தது அந்தக் காலி ஸீட்தான்.

அதே சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8-ந் தேதி நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. 'லிட்டில் இந்தியா'வில் தொழிலாளிகள் கூடும் நேரம். விடுதிக்குத் திரும்பும் பஸ் ஒன்றிலிருந்து ஒரு தமிழ்த் தொழிலாளியை இறக்கிவிட்டார்கள். அவர் குடித்திருந்தார். சிறிது நேரத்தில் அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். வண்டிகள் எரிந்தன. நாற்பது ஆண்டுக்கு மேல் கலவரமே காணாத ஊர் அது. கலவரம் செய்தது குற்றம். அதில் சந்தேகம் இல்லை. சாவு ஒரு விபத்து. ஆனால் ஒரே இரவில் அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததும் அதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழன் வெளியூர் வண்டியில் பட்ட பாடு இன்று நேற்றுக் கதை அல்ல. 1966-க்குப் பிறகு பம்பாயில் "மதராசி" என்றும், லுங்கிக்காரன் என்றும் நம்மவர்களை விரட்டப் பிரசாரமே நடந்தது. 2016 செப்டம்பர் 12-ல் பெங்களூரில் காவிரிச் சண்டையின்போது தமிழ்நாட்டுப் பஸ்கள் ஒரே நிறுத்துமிடத்தில் 30-க்கும் மேல் எரிந்தன. எல்லாவற்றிலும் கொடியது 1983 ஜூலை. கொழும்பில் பஸ்களையும் கார்களையும் நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்களைச் சில சிங்களச் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். நாக்குப் பிசகினால் அவர் தமிழர் என்று தெரிந்துவிடும். பிறகு நடந்ததை இங்கே எழுதக் கை வரவில்லை.

மொழி தெரியாதவனைப் பார்த்துப் பஸ்ஸில் சிரிப்பதையும் அதையும் ஒன்றாக வைக்கலாமா? வைக்கக்கூடாது. இரண்டும் ஒன்று அல்ல. ஆனால் மற்ற ஜாதியார் யாருக்காவது இந்த விஷயம் புரியாமல் போகலாம். நமக்குப் புரியாமல் போகக்கூடாது.

ஒரு பிரயாணியின் வார்த்தை

1893 ஜூன் 7-ந் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்திஜியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது.

ரெயிலை விட்டு இறங்கி அவர் குதிரை வண்டியில் போகவேண்டியிருந்தது. வெள்ளையர்களோடு உள்ளே உட்காரவிடவில்லை. வண்டிக்காரன் பக்கத்தில் வெளியே உட்காரச் சொன்னார்கள். பொறுத்துக்கொண்டார். பாதி வழியில், வண்டிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரனுக்குச் சுருட்டுப் பிடிக்க அந்த இடம் வேண்டியிருந்தது. காந்திஜியைக் கால் வைக்கும் பலகையில் உட்காரச் சொன்னான். அவர் மறுத்தார். அறைந்தான். பிடித்து இழுத்தான். காந்திஜி பித்தளைக் கம்பியை விடவில்லை.

அப்போது உள்ளேயிருந்த சில வெள்ளைக்காரப் பிரயாணிகள் குரல் கொடுத்தார்கள். அவர்மேல் தவறில்லை, அவரை அடிக்காதே, இடம் இல்லையென்றால் எங்களோடு உள்ளே உட்காரட்டும் என்றார்கள். அடித்தவன் அடங்கிப்போனான்.

அந்தப் பிரயாணிகளின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் மகான்கள் அல்ல. அதுவரையில் அவர்களும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் பேசவேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை பேசினார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற நகரம் இருக்கிறது. கறுப்பர்களையும் ஆசியாக்காரர்களையும் பஸ் கண்டக்டராகவும் டிரைவராகவும் சேர்க்கமாட்டோம் என்று அங்கே பஸ் கம்பெனி சொல்லிவந்தது. 1963 ஏப்ரல் கடைசியில் மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். வெள்ளைக்கார மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டு 28-ந் தேதி கம்பெனி இறங்கிவந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த முதல் கண்டக்டர் யார் தெரியுமா? தலைப்பாகை கட்டிய சீக்கியர்! நம் நாட்டவர்!

"நம்ம வரிப்பணம்!"

இதெல்லாம் சரி, எங்களுக்கும் குறை உண்டு என்று சிலர் சொல்வார்கள். அதையும் கேட்போம்.

"அவர்கள் வந்ததால் நமக்குக் கூலி குறைந்துவிட்டது" என்கிறார்கள். இது அலட்சியப்படுத்தவேண்டிய குறை அல்ல. மில்லை நம்பியிருந்த உள்ளூர்க் குடும்பம் இப்படிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூலியைத் தீர்மானிப்பது யார்? பக்கத்து ஸீட்டில் இருப்பவனா? குறைந்த கூலிக்கு ஆள் தேடுபவர் பஸ்ஸில் வருவதே இல்லை. அவர் காரில் போகிறார்! வெளியூர்க்காரனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேட்டால் இரண்டு பேருக்கும் லாபம். அதை விட்டுவிட்டு டிக்கெட் வாங்கி வந்தவனை முறைப்பதால் ஒரு காசு கூடப்போவதில்லை.

"ரிசர்வ் செய்த பெட்டியில் ஏறிக்கொள்கிறார்கள்" என்கிறார்கள். ஏறுகிறார்கள்தான். பொங்கல் சமயத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் நம்மவர்கள் என்ன செய்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்! சாதாரண வகுப்புப் பெட்டிகளைக் கூட்டினால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அதுவரையில் டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார். ரெயில்வே போலீசார் இருக்கிறார்கள். அந்த வேலையை நாம் கையில் எடுத்தால் என்ன ஆகும்? 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஓடும் ரெயிலில் ஒருவர் வட மாநிலத் தொழிலாளிகளைத் திட்டி அடித்தார். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். நாடு முழுவதும் பார்த்தது. அடித்தவரைப் போலீசார் கைது செய்தார்கள். அவமானம் அவரோடு நிற்கவில்லை.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் செல்போன்களில் படங்கள் பறந்தன. எல்லாம் பொய். வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள். பீகார் சர்க்கார் தன் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது. பொய்யைப் பரப்பியவர்கள் மேல் வழக்குகள் போட்டார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பயந்துபோய் மூட்டை கட்டிவிட்டார்கள். ஹோலிக்கு ஊர் போகிறவர்களோடு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நம்மீது சுமத்தப்பட்ட அபாண்டம் அது. நமக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் ஏன் உடனே நம்பினார்கள்? இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். தினமும் பஸ்ஸில் "அண்ணாச்சி" என்று கூப்பிடப்பட்ட ஒருவனிடம் போய், "இந்த ஊர்க்காரர்கள் உன்னைக் கொல்லப்போகிறார்கள்" என்று சொன்னால் அவன் நம்புவானா?

இன்னொரு குறை பெண்களைப்பற்றியது. 2021 மே 8-ந் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. வெளி மாநிலப் பெண்ணும் ஏறலாம். எந்த ஊர், என்ன அட்டை என்று கேட்பதில்லை. மில் வேலைக்கு வந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக ஏறுகிறார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "நம்ம வரிப்பணம்!"

ஐயா, அந்தப் பெண்ணும் சோப்பு வாங்குகிறாள். தேங்காய் எண்ணெய் வாங்குகிறாள். செல்போனுக்குப் பணம் கட்டுகிறாள். ஒவ்வொன்றிலும் வரி இருக்கிறது. அவள் நூற்ற நூலிலும் வரி இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் இதேபோல ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே கர்நாடகத்துப் பெண் என்று அத்தாட்சி காட்டவேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பெண்ணிடம் அந்த அத்தாட்சி இல்லையென்றால் காசு கொடுத்துத்தான் போகவேண்டும். நம் சர்க்கார் அப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை. நான் தமிழன் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

செய்யக்கூடியவை

பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நாட்டில் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

பஸ்ஸில் இந்திப் பலகை மாட்டு என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு நம் ஊரில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்! நம்பரைப் பெரிதாக எழுதினால் போதும். எந்த ஊர்க்காரனும் நம்பரைப் படித்துவிடுவான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் பாட்டிகளுக்கும் அது உதவும். மில் விடுதிகளில் புதிதாக வந்தவர்களுக்குப் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கலாம். எவ்வளவு, எங்கே, இறங்கணும், வலிக்குது, தண்ணீர், உதவி... ஒரு சாயங்கால வேலைதான். ராஜபாளையத்தில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இதைச் செய்யலாம். செய்தால் அவர்களுக்கும் நாலு வார்த்தை ஒடியா வரும்!

கண்டக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். "தம்பி" என்ற வார்த்தைக்கும் "ஏலேய்" என்ற வார்த்தைக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது.

அன்றைய பஸ்

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பழக்காரக் கிழவி ஏறினாள். கூடை நிறைய மாம்பழம். ராஜபாளையத்துச் சப்பட்டை. கூடையை வழியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேரே அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோய்யா... கையில என்ன?"

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். அவள் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, கொதிக்குதே!" என்று கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, இந்தப் புள்ளையைப் பெரியாஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடு. காயுது பாரு."

கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் விசில் கொடுத்து, "தம்பி, ஆஸ்பிட்டல்... இறங்கு, இறங்கு" என்று கையைக் காட்டினார். வலது பக்கம் திரும்பவேண்டும் என்று ஜாடையும் காட்டினார்.

நான் இறங்கவேண்டிய இடம் அது அல்ல. ஆனாலும் அவர்களோடு இறங்கினேன். பரோபகாரம் என்று நினைக்கவேண்டாம். வெட்கம்தான் காரணம்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலில் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்தவர் பெயர் கேட்டார். பையன் சொன்னான். அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலில் காதைக் கொடுத்து, "மெதுவாச் சொல்லுப்பா" என்றார். அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவரும் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டார்.